அவள் கை தைக்கட்டும்: ஆன்லைன் வகுப்புக்கு அக்காவின் 8 டிப்ஸ்

தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அக்கா, 62 பேர் பணம் கட்டிச் சேர்ந்தாங்க. பிளவுஸ் தைச்சு போட்டோ அனுப்பினது ஏழே பேர். எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலையோ?"

உனக்குத் தெரியும். நம் தெருவில் உன்னிடம் தையல் பழகிய பெண்களில் மூன்று பேர் இன்று சொந்தமாக மெஷின் வாங்கித் தைத்துக் கொடுக்கிறார்கள். வலியசாலையில் பாதிப் பேர் போட்டிருப்பது உன் கை பிளவுஸ்தான். அதனால் உன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் 20 வீடியோக்களையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், மொத்தம் 15 மணி நேரம். சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நேரில் நீ செய்கிற ஒரு வேலை அதில் விட்டுப்போயிருக்கிறது. கத்தரிக்கோல் தப்பான பக்கம் திரும்பும்போது, "இரு இரு" என்று மாணவியின் கையைப் பிடிப்பாயே, அந்த வேலை. வீடியோவில் உன் கை நீளாது. அவள் எங்கே தடுமாறுவாள் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தப் பிடியைப் பாடத்துக்குள்ளேயே வைத்துத் தைக்க வேண்டும். டெக்னோபார்க்கில் 12 வருஷமாக நான் சம்பளம் வாங்குவது அந்த வேலைக்குத்தான். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்பார்கள். பாட வடிவமைப்பு என்று வைத்துக்கொள்.

பெயர் புதிதாக இருக்கலாம், விஷயம் நம் ஊருக்குப் பழையது. நம் வலியசாலை மகாதேவர் கோயிலை ஒட்டித்தான் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விச்சாலை இருந்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியிலேயே வருகிற பெயர் அது. 866-இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூரின் முறைப்படியே அதை நடத்தவேண்டும் என்று செப்பேட்டில் எழுதிவைத்தான். எத்தனை பேர், சேர என்ன தெரிந்திருக்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும், மீறினால் என்ன அபராதம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நல்ல வகுப்பின் அமைப்பை இன்னொரு ஊர் எடுத்துக்கொண்டது 1,150 வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. அன்று அந்தப் படிப்பு வேதம் ஓதும் ஆண்கள் சிலருக்கு மட்டும்தான். உன் வகுப்பில் குளச்சல் பெண்ணும் இருக்கிறாள், துபாயில் வீட்டு வேலை பார்க்கிறவளும் இருக்கிறாள். அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு இவ்வளவு ஆசை.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நோட்டை எடுத்துக்கொள்.

1. கடைசி நாளிலிருந்து பின்னால் வா

உன் முதல் வீடியோ "துணி வகைகள்" என்று தொடங்குகிறது. உனக்குத் தெரிந்ததை வரிசையாகக் கொட்டத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். விக்கின்ஸ், மெக்டை என்ற இரண்டு கல்வியாளர்கள் 1998-இல் ஒரு புத்தகமே எழுதி விளக்கியது இதற்கு நேர்மாறான வழி. படிப்பு முடியும்போது மாணவி என்ன செய்யவேண்டும் என்பதை முதலில் எழுது. அதைச் செய்தாளா என்று எப்படிப் பார்ப்பாய் என்று அடுத்து எழுது. பாடத்தை அதற்குப் பிறகு யோசி.

"பிளவுஸ் கட்டிங் பற்றித் தெரிந்துகொள்வாள்" என்று எழுதாதே. தெரிந்துகொண்டாளா என்று உன்னால் பார்க்க முடியாது. "ஓர் அளவு பிளவுஸை வைத்து, ஒரு மீட்டர் துணியில், லைனிங் இல்லாத சாதா பிளவுஸை யாரிடமும் கேட்காமல் வெட்டித் தைப்பாள்" என்று எழுது. இந்த ஒரு வாக்கியத்தைச் சுவரில் ஒட்டி வை. ஒவ்வொரு வீடியோவையும் அதன் முன்னால் நிறுத்தி, "இது இல்லாவிட்டால் அவளால் தைக்க முடியாதா?" என்று கேள். துணி வகைகள், தையல் மெஷினின் வரலாறு, பிரின்சஸ் கட் எல்லாம் அந்தக் கேள்வியில் விழுந்துவிடும். தூக்கிப் போட வேண்டாம், அடுத்த வகுப்புக்கு எடுத்து வை.

2. அவள் யார், எந்த நேரத்தில், எதில் பார்க்கிறாள்?

பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தில் மாணாக்கர் வகை வரும். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று உவமை சொல்வார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நான் அந்த ஓட்டைக்குடமாக இருக்கக் கூடாது என்று பயந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு அதே நூலின் இன்னொரு பகுதிதான் மனசில் நிற்கிறது. சொல்லித் தருகிறவர் இடமும் காலமும் அறிந்து, கேட்பவனின் கொள்ளளவைப் பார்த்து, அவன் மனம் ஏற்கும்படி தரவேண்டும் என்றும் அவர் சொல்கிறார். குடம் ஒழுகுகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் நாம் ஊற்றுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பாதியில் நின்றவர்களில் ஐந்து பேருக்குப் போன் பண்ணு. "ஏன் நின்னீங்க?" என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். "கடைசியா எந்த இடத்துல துணியைக் கீழே வெச்சீங்க?" என்று கேள், சரியான இடத்தைக் காட்டுவார்கள். மோட்டார் மெஷினா, கால் மெஷினா? குழந்தை தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறாளா? அப்படியானால் முக்கிய அளவுகள் திரையில் எழுத்தாகவும் வரவேண்டும். டேட்டா தினமும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்.

பார்த்திவபுரத்துச் செப்பேட்டில் சேருவதற்கே தகுதி சொல்லியிருக்கிறது, இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்று. உன் வகுப்புக்கும் ஒரு வாசற்படி வேண்டும். பாபினில் நூல் சுற்றவும், நேர்த்தையல் போடவும் தெரியுமா என்று சேரும்போதே பார். தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பாதே. அவர்களுக்காக இரண்டு சின்ன வீடியோ எடுத்து, பூஜ்ஜியப் பாடம் என்று பெயர் வை.

3. ஒரு பாடத்தில் ஒரு வேலை

என் முதல் பாடத்தை நான் 52 நிமிஷத்துக்கு எடுத்தேன். முழுசாகச் சொன்ன நிறைவு எனக்கு இருந்தது. பார்த்தவர்களுக்கு எதுவும் நிற்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. புதிதாக வருகிற விஷயத்தை நம் மனம் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1988-இலிருந்து இதை மனச்சுமை என்று விளக்கி வருகிறார். உனக்கு "கைக்குழி வரைதல்" ஒரே வேலை. புதியவளுக்கு அது ஆறு வேலை: தோள் அளவு, மார்பளவில் நாலில் ஒரு பங்கு, தையலுக்கு விடும் துணி, வளைவு, முன்பக்கம் கொஞ்சம் உள்வாங்குவது, பின்பக்கம் வாங்காதது.

எடெக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை எடுத்துக்கொண்டு 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிஷத்துக்குள் இருந்த வீடியோக்களைத்தான் மக்கள் பெரும்பாலும் முழுதாகப் பார்த்தார்கள். நீளம் கூடக் கூட நடுவிலேயே விட்டுப் போனார்கள். அதற்காக உன் 45 நிமிஷத்தை எட்டாக நறுக்கிப் போடாதே. தையல் பிரிகிற இடத்தில் வெட்டு. "பின்பக்கக் கழுத்து" ஒரு பாடம், "முன்பக்க டாட்" ஒரு பாடம், "கை வெட்டுதல்" ஒரு பாடம். ஒவ்வொன்றும் முடிகிறபோது அவள் கையில் ஏதாவது ஒன்று முடிந்திருக்க வேண்டும்.

4. அவள் கண்ணும் காதும் எங்கே போகும் என்று பார்

உன் வீடியோவில் துணி தலைகீழாகத் தெரிகிறது, ஏனென்றால் கேமரா உனக்கு எதிரே இருக்கிறது. தலைக்கு மேலே, உன் தோள் பக்கத்திலிருந்து மாட்டு. நீ பார்க்கிற மாதிரியே அவளும் பார்க்கட்டும். வெளிர் துணியில் வெள்ளைச் சாக்கால் வரையாதே, கறுப்புத் துணி எடு. சாலைக் கம்போளத்தில் ஒரு மீட்டர் மலிவான காட்டன் வாங்கிக்கொண்டால் போதும்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் வருஷக்கணக்காகச் சோதித்துச் சொன்ன சில விஷயங்களை நான் தினமும் பயன்படுத்துகிறேன். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பாட்டு, படம், கதை கற்பதைக் குறைக்கும். வாயால் சொல்வதையே வரிக்கு வரி திரையில் ஓடவிட்டால் கண் எழுத்துக்குப் போகும், உன் விரலுக்குப் போகாது. அதனால் பின்னணி இசையை நிறுத்து. திரையில் அளவு மட்டும் வரட்டும். சுட்ட வேண்டிய இடத்தில் அம்புக்குறி போடு. நன்னூலார் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது மற்றொன்று விரித்தல் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். டாட் பிடிக்கும் நேரத்தில் உன் மாமியாரின் கல்யாணப் புடவை பற்றிச் சொன்ன நாலு நிமிஷம் அதுதான்.

ஆனால் உன் சிரிப்பை வெட்டிவிடாதே. 2020 ஜூன் 1-ஆம் தேதி, பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, பூஜப்புரையில் இருக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்பு வந்தது. முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியை சாய் ஸ்வேதா ஒரு பூனைக் கதை சொன்னார். கேமராவைக் கேமராவாக நினைக்காமல், எதிரே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிற மாதிரியே பேசினார், கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். சிலர் கேலி செய்தார்கள். கேரளத்துப் பிள்ளைகள் டிவியைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அந்தக் கதை பாடத்துக்கு வெளியே இல்லை, அதுவே பாடம். 62 பேருக்குப் பேசாதே. குளச்சலில் ராத்திரி ஒன்பது மணிக்கு மெஷின் முன்னால் உட்காருகிற அந்த ஒருத்திக்குப் பேசு.

5. முழுதும் காட்டு, பாதி விடு, பிறகு முழுதும் விடு

நீ வெட்டிக் காட்டிவிட்டு, "இப்ப நீங்க வெட்டுங்க" என்று முடிக்கிறாய். நடுவில் படிகள் இல்லை. நல்ல துணியில் முதல் வெட்டு தப்பினால் அது போனதுதான் என்ற பயமே பாதிப் பேரை நிறுத்தியிருக்கும்.

நம் ஊரில் பாட்டு சொல்லித் தருகிற வீடுகளைப் பார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறும். புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசையை நானூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் தாண்டிப் போவதில்லை. ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒன்றுதான் சேரும். நீயும் அப்படிச் செய். முதல் தடவை நீ முழுதும் வெட்டிக் காட்டு, ஏன் என்பதையும் சொல். இரண்டாம் தடவை தோளும் கழுத்தும் வரைந்த பேப்பர் பேட்டர்ன் ஒன்றை அனுப்பு, கைக்குழியை மட்டும் அவள் வரையட்டும். மூன்றாம் தடவை வெறும் நியூஸ் பேப்பரில் முழுதும் அவளே. நாலாவதுதான் துணி. பேப்பரில் தப்பினால் ஒரு நாளிதழ்தான் போகும், அவள் தைரியம் போகாது.

6. பார்க்கச் சொல்லாதே, கேள்

"புரியலைன்னா வீடியோவைத் திரும்பப் பாருங்க" என்று பத்து இடத்தில் சொல்லியிருக்கிறாய். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் நன்றாகச் சொன்னார்கள். ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களைத் தாண்டிப் போனார்கள். திரும்பப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றும். அந்தத் தோற்றம் ஏமாற்றும்.

ஆகவே ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் ஒரு கேள்வியில் தொடங்கட்டும். அதுவும் "கைக்குழி என்றால் என்ன?" என்ற மாதிரி வேண்டாம். கடைக்கு வருகிற தப்பையே கேள்வியாக்கு. தோள் நழுவி விழுகிற பிளவுஸின் போட்டோவைக் காட்டி, "எந்த அளவைத் திருத்துவீங்க?" என்று கேள். இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிய துணியைக் காட்டி, "மடிக்கும்போது என்ன மறந்தாங்க?" என்று கேள். பதினைந்து வருஷத்தில் நீ பிரித்துத் தைத்த தப்புகள்தான் உன் சொத்து. அதை வேறு யாராலும் கொடுக்க முடியாது.

7. பதிலும் கெடுவும் சேர்ந்து வரட்டும்

சென்னை ஐஐடி முன்னின்று நடத்தும் என்.பி.டெல். பாடங்களைப் பார்த்திருப்பாய். வீடியோ எல்லாருக்கும் இலவசம். ஆனால் வாரா வாரம் ஒப்படைப்பு, அதற்கு ஒரு கடைசி நாள், முடிவில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு அந்த வாரப் பயிற்சிகளுக்கு. இந்தச் சட்டகம் இல்லாவிட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது யாரையும் விடாது. நீயும் ஒரு வாரத்துக்கு ஒரு வேலை, சனிக்கிழமை ராத்திரிக்குள் போட்டோ என்று வை. பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து ஒரே நாளில் தொடங்கு. தவறியவர்களுக்கு அடுத்த குழுவில் கதவு திறந்திருக்கட்டும். மாதவிலக்கு, மாமியார் ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பரீட்சை எல்லாம் பெண்களுக்கு வரும், அதற்குத் தண்டனை கூடாது.

போட்டோ வந்தால் மறுநாளுக்குள் பதில் போடு. "சூப்பர்" என்பது பதில் ஆகாது. மூன்று வரி போதும்: சரியாக வந்தது எது, திருத்த வேண்டிய ஒன்று எது, எப்படித் திருத்துவது. "கழுத்து வளைவு சுத்தமா வந்திருக்கு. கைக்குழியில சுருக்கம் தெரியுது. முன்பக்க வளைவை அரை இஞ்ச் உள்ளே வாங்கி பேப்பர்ல ஒரு தடவை வரைஞ்சு அனுப்புங்க." ஒரே நேரத்தில் ஐந்து குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது.

இன்னொன்றும் செய். ஆசிரியரிடம் கேட்டதில் கிடைப்பது கால் பங்கு, கூடப் படிக்கிறவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதிப் பாதி என்று கணக்கே போட்டு வைத்திருக்கிறார் நன்னூலார். இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடு. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருத்தி வெட்டியதை இன்னொருத்தி பார்த்துச் சொல்லட்டும். சொல்லுகிறவளுக்குத்தான் அதில் லாபம் அதிகம்.

8. தைத்த பிளவுஸை எண்ணு

வகுப்பு முடிந்ததும் "பிடிச்சிருந்ததா?" என்று நட்சத்திரம் கேட்கிறாய். எல்லாரும் ஐந்து போட்டிருக்கிறார்கள், தைக்காதவர்களும் சேர்ந்து. டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-லேயே இதற்கு நாலு படி சொன்னார். பிடித்ததா, கற்றாளா, செய்கிறாளா, அதனால் என்ன பலன். முதல் படியோடு நின்றுவிடாதே. எந்த வீடியோவில், எந்த நிமிஷத்தில் நிறைய பேர் நிறுத்துகிறார்கள் என்று பார். உன் மூன்றாவது வீடியோவின் 11-ஆவது நிமிஷத்தில்தான் அந்த மார்பளவுக் கணக்கு வருகிறது. அங்கேதான் அவர்கள் இறங்கிப் போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. போன் பண்ணும்போது உறுதி செய்துகொள். முடிந்து மூன்று மாசம் கழித்து, "இப்ப யாருக்காவது தைக்கிறீங்களா?" என்று கேள். அந்த எண்தான் உன் வகுப்பின் உண்மையான மதிப்பெண்.

20 வீடியோவையும் ஒரே மூச்சில் திரும்ப எடுக்காதே. ஒரு பாடத்தை மட்டும் புதிதாக எடுத்து, மூன்று பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல். நீ வாயைத் திறக்காதே. அவர்கள் முகம் சுருங்குகிற இடத்தைக் குறித்துக்கொள். அங்கே திருத்து, பிறகு அடுத்த பாடத்துக்குப் போ.

இந்த வாரம் செய்ய வேண்டியது

திங்கள்: கடைசி நாள் வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டு.
செவ்வாய், புதன்: பாதியில் நின்ற ஐந்து பேருக்குப் போன்.
வியாழன்: அவர்கள் நின்ற இடத்துக்கு மட்டும் ஆறு நிமிஷப் பாடம் ஒன்று எழுது.
வெள்ளி: கேமராவை மேலே மாட்டி எடு. இசை வேண்டாம்.
சனி: மூன்று பேரிடம் காட்டு.
ஞாயிறு: திருத்தியதை எல்லாருக்கும் அனுப்பு, ஒரு கேள்வியோடு, ஒரு கெடுவோடு.

கடைசியாக ஒன்று. அந்த ஏழு போட்டோவையும் நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஒரு பிளவுஸில் ஹூக் பட்டி கொஞ்சம் கோணல், ஆனால் கழுத்தின் உள்தையல் அச்சு அசல் உன் கை. நீ அம்மாவிடம் பழகிய அதே மடிப்பு. உன்னை நேரில் பார்த்தே இராத ஒரு பெண்ணின் விரலுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதி 55 பேரும் அதற்காகத்தான் பணம் கட்டினார்கள். அவர்கள் நம்பர் எல்லாம் உன் போனில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறக்காமல் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா